‘ஃப்ரீ’ கேமுக்கு நான் கொடுத்தது ரூ.6,085... மூணு மாச கேமிங் சொல்லிக்கொடுத்த கணக்கு!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் சித்தி வீடு. பிரியாணி முடிஞ்சு எல்லாரும் ஹாலில் சாய்ந்திருந்த நேரம், சித்தி என்னை மெதுவா சமையலறைப் பக்கம் கூப்பிட்டாங்க.

“உன் தம்பி கேம்ல ஆயிரத்து நானூறு ரூபா விட்டிருக்கான்டி. என் போன்ல இருந்தே எடுத்து கட்டியிருக்கான். நான் சொன்னா காதுலயே வாங்கிக்க மாட்டேங்கிறான். நீ பத்திரிகையில வேலை பாக்குறவ, நாலு விஷயம் தெரிஞ்சவ. நீ கொஞ்சம் பேசேன்.”

தலையாட்டினேன். ஆனா உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. ஏன்னா, கடந்த மூணு மாசத்தில் ஒரு ‘ஃப்ரீ’ கேமில் நான் விட்ட பணம் 6,085 ரூபாய். இது சித்திக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. யூபிஐ ஹிஸ்டரியை உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

பத்தாவது படிக்கிற பையனுக்கு அட்வைஸ் பண்ண எனக்கு என்ன தகுதி? அந்தக் கேள்வியில் இருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை. சமீபத்தில் நான் ஆடிய நான்கு கேம்களை வைத்து, எது நம்மை மதிக்கிறது, எது நம் பாக்கெட்டில் கை வைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதல்ல என் ஸ்கோர் கார்டு

காசு கொடுத்து வாங்கிய கேம்கள் மூன்று: ‘வெண்பா’, ‘ஸ்டார்டியூ வேலி’, ‘பலாட்ரோ’. தள்ளுபடி நேரமாகப் பார்த்து வாங்கியதால் மூன்றுக்கும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஒருமுறை கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒரு பைசா கேட்கவில்லை.

நான்காவது, காசே இல்லாமல் டவுன்லோடு பண்ணிய ஒரு மொபைல் கேம். பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட நூறு கேம்கள் இருக்கின்றன, ஒன்றை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது? அதில் நான் கட்டியது இப்படி: 29 ரூபாய் 10 முறை, 89 ரூபாய் 15 முறை, 159 ரூபாய் 18 முறை, 799 ரூபாய் 2 முறை. மொத்தம் 45 முறை.

ஒரே தடவையில் 6,085 ரூபாய் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு டெலிட் பண்ணியிருப்பேன். 45 துண்டாகக் கேட்டதால் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “ஒரு காபி காசுதானே!”

வெண்பா: ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேம்

‘வெண்பா’ 2023 ஜூலையில் வந்தது. டொரான்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் பல வரிகள் அழிந்துபோயிருக்கும். எது முதலில், எது அடுத்து என்று நாம்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். நடுநடுவே ரேடியோவில் நம்ம ஊர் சினிமாப் பாட்டின் சாயலில் பாட்டு ஓடும்.

இட்லி ஊற்றும் கட்டத்தில் நான் திணறியபோது பக்கத்தில் அம்மா இருந்தாங்க. போனையே சரியாகப் பார்க்காமல், “தட்டை இப்படி அடுக்கினா ஆவி எப்படிடி மேல போகும்?” என்று கேட்டாங்க. அதுதான் அந்தப் புதிருக்கே விடை! அதுவரை கேம் என்றாலே முகம் சுளிக்கிற அம்மா, அதற்கப்புறம் கடைசிவரை நகரவில்லை. மகன் தமிழில் பதில் சொல்லாத காட்சி வந்தபோது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

2024-ல் இந்த கேம் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. அதைவிட எனக்குப் பெரிசாகத் தோன்றியது வேறு. ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது, திரையில் பெயர்கள் ஓடின, அவ்வளவுதான். ‘நாளைக்கு வந்தால் 50 வைரம் இலவசம்’ என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கேம் ‘முடிந்தது’ என்ற உணர்வையே நான் மறந்து போயிருந்தேன்.

ஒரே வயல், இரண்டு விவசாயம்

2009-ல் ஃபேஸ்புக்கில் ‘ஃபார்ம்வில்’ ஞாபகம் இருக்கா? பெரியப்பா பையன் அக்கவுன்ட்டில் நானும் விதை போட்டிருக்கிறேன். அதில் ஒரு விதி உண்டு. விதைத்த பயிரை நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். ஸ்கூலில் கணக்கு வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஸ்ட்ராபெர்ரி வாடிடுமோ என்று கவலைப்பட்டது என் வாழ்க்கையின் உண்மைச் சம்பவம். அந்த கேம் 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு மூடப்பட்டது. ஆனா அதன் யோசனை சாகவில்லை. இன்று நம் போனில் இருக்கும் பாதி கேம்களில் அது உயிரோடு இருக்கிறது.

இப்போது ‘ஸ்டார்டியூ வேலி’க்கு வாங்க. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து கோடிங், ஓவியம், இசை எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட கேம். உலகம் முழுக்க 4 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஆபீஸ் டெஸ்க்கில் நொந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தாத்தா விட்டுப்போன பண்ணைக்குக் கிளம்புவதில்தான் கதை தொடங்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஆடுகிற ஒரு டிஜிட்டல் டெஸ்க் ஆளுக்கு இதைவிட என்ன வேணும்?

இதிலும் விதைக்கிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம், அறுவடை பண்ணுகிறோம். ஆனா கேமை மூடினால் அங்கே காலம் அப்படியே நின்றுவிடும். தேர்தல் நேரத்தில் மூணு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனபோது செடி எல்லாம் விட்ட இடத்தில் நின்றது. கேமில் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். நாள் முடிந்து தூங்கப் போனால் சேவ் ஆகும். போனை வைத்துவிட்டு நாமும் தூங்கப் போகலாம்.

இரண்டுமே விவசாய கேம்தான். ஒன்று, நீங்கள் வராவிட்டால் தண்டிக்கிறது. இன்னொன்று, நீங்கள் வரும்வரை காத்திருக்கிறது. கேம் பற்றிய என் மொத்தக் கருத்தும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

பலாட்ரோ: சீட்டாட்டம்தான், ஆனா சூதாட்டம் இல்லை

மூன்றாவது கேமைப் பார்த்து ஆபீஸ் நண்பர் ஒருவர் பதறிவிட்டார். “என்னங்க, ஆன்லைன் போக்கரா?” என்றார். அவர் மேல் தப்பில்லை. ‘பலாட்ரோ’வின் திரை முழுக்க சீட்டுகளும் சிப்ஸும்தான் இருக்கும்.

லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் கனடாக்காரர் ஒருவர் உருவாக்கி, 2024 பிப்ரவரியில் வந்த கேம் இது. போக்கரில் வரும் ஜோடி, வரிசை போன்ற சேர்க்கைகளைப் போட்டு புள்ளி சேர்க்க வேண்டும். விதிகளையே வளைக்கிற 150 ஜோக்கர் சீட்டுகள் உண்டு. எந்த ஜோக்கரை எதோடு சேர்த்தால் புள்ளி எகிறும் என்று கண்டுபிடிப்பதில்தான் மூளைக்கு வேலை. எதிரில் வேறு ஆள் கிடையாது. நிஜப் பணம் கட்டவும் முடியாது, ஜெயிக்கவும் முடியாது.

ஆனாலும் ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி இதற்கு 18 வயது முத்திரை குத்தியது. நிஜக் காசுக்குக் குலுக்கல் பாக்கெட் விற்கும் பிரபல கால்பந்து கேமுக்கு 3 வயது என்று போட்டிருக்கும்போது, சீட்டுப் படம் இருப்பதற்காக எனக்கு 18-ஆ என்று அதை உருவாக்கியவரே பகிரங்கமாகக் கேட்டார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அது 12 ஆகக் குறைக்கப்பட்டது.

நம்ம வீட்டுப் பெரியவங்க செய்கிற தப்பும் இதேதான். திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்கிறோம். பணம் எந்த வழியில் போகிறது என்று பார்ப்பதில்லை. சீட்டு தெரிந்தால் பயம், கார்ட்டூன் பொம்மை தெரிந்தால் நிம்மதி.

நேர்மையாகச் சொல்லணும்னா, பலாட்ரோ என் தூக்கத்தைத் தின்றது. ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று நினைத்து ராத்திரி 2 மணி ஆன நாட்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய கேம் என்பதால் மட்டும் அது புனிதம் ஆகிவிடாது. ஆனா அங்கே நான் தோற்றது என் சுயகட்டுப்பாட்டிடம். நான் தோற்றால் யாருக்கும் கூடுதல் வருமானம் இல்லை. நாலாவது கேமில் கதை வேற.

நாலாவது கேம் எப்படி வேலை செய்யுது?

கூட்டிப் பார்த்த அன்று ராத்திரி, ஒரு செய்தியைப் பிரிப்பது மாதிரி அந்த கேமைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு விஷயங்கள் பிடிபட்டன.

முதலாவது, பணத்துக்கு வேறு பெயர். கடையில் எதுவும் ரூபாயில் இருக்காது. எல்லாம் வைரம். ஒரு பொருள் 80 வைரம் என்றால், விற்கும் பாக்கெட் 60 அல்லது 120 ஆக இருக்கும். எப்போதும் கொஞ்சம் மிச்சம் விழும். அந்த மிச்சத்தை வீணாக்கக் கூடாதே என்று இன்னொரு பாக்கெட் வாங்குவோம்.

இரண்டாவது, ஓடும் கடிகாரம். எந்த ஆஃபரைத் திறந்தாலும் ‘2 மணி நேரம் 14 நிமிடத்தில் முடிகிறது’ என்று நொடி குறைந்துகொண்டே இருக்கும். யோசிக்க நேரம் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, தினசரி வருகைப் பதிவு. தொடர்ந்து 30 நாள் வந்தால் பரிசு. 23-வது நாள் விட்டால் மறுபடி ஒன்றில் இருந்து. விடுபட்ட நாளைச் சரிக்கட்டவும் காசு கேட்பார்கள். தாத்தா இறந்த வீட்டில், மொட்டை மாடிக்குப் போய் லாகின் பண்ணிவிட்டு இறங்கி வந்திருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனா உண்மை.

நான்காவது, குலுக்கல். கேமிங் உலகில் ‘லூட் பாக்ஸ்’, ‘கச்சா’ என்பார்கள். காசு கட்டிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். உலகப் புகழ்பெற்ற ‘கென்ஷின் இம்பாக்ட்’ கேமில் உயர்ரகப் பரிசு ஒரு குலுக்கலில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90-வது முறைக்குள் நிச்சயம் கிடைக்கும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கேட்க நல்ல மனசு மாதிரி இருக்கும். ஆனா 50 முறை சுற்றியவரால் பாதியில் எழுந்து போக முடியுமா?

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் நம்மை அதிகம் கட்டிப்போடும். உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியது இது. இப்போது புறா இடத்தில் நானும் என் தம்பியும்.

“இன்னிக்கு விட்டா போயிடும்க்கா”

சித்தி சொன்னபடி அவன் ரூமுக்குப் போனேன். வாசலிலேயே “அம்மா அனுப்பினாங்களா?” என்றான். பொய் சொல்லவில்லை, ஆமாம் என்றேன்.

எதற்கு அந்தப் பணம் என்று கேட்டதும் போனைக் காட்டினான். ஒரு கேரக்டருக்கான சட்டை. “இது லிமிடெட் ஆஃபர்க்கா. அன்னிக்கு விட்டா போயிடும். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கு. என்கிட்ட மட்டும்தான் அந்த ஃப்ரீ டிரெஸ்.”

கடைசி வரிதான் என்னைத் தைத்தது. காசில்லாதவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி ஒரு இலவச டிரெஸ். பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் கொண்டு வந்ததே இந்த வித்தியாசம் தெரியக் கூடாது என்றுதானே? அதை ஒரு கேம் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டது.

திட்டுவதற்குப் பதிலா என் யூபிஐ ஹிஸ்டரியை எடுத்துக் காட்டினேன். 45 வரி. கீழே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “அக்கா... நீ என்னைவிட மோசம்க்கா” என்றான். அதுக்கப்புறம்தான் இரண்டு பேரும் நிஜமாகப் பேசினோம்.

சட்டம் இருக்கே, போதாதா?

இருக்கிறது. ஆன்லைன் கேமிங் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. பணம் கட்டி பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் அது தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 18 வயது வரம்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடையும் கொண்டுவந்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைச் செய்தியாக எழுதியவள் என்ற முறையில் அதை வரவேற்கிறேன்.

ஆனா இந்தச் சட்டங்களின் குறி, ‘ஜெயித்தால் பணம்’ என்ற ஆசை. என் தம்பி பணம் ஜெயிக்க ஆசைப்படவில்லை. ஒரு சட்டைக்கு ஆசைப்பட்டான். காசு உள்ளே போகும், வெளியே வரவே வராது. அதனாலேயே அது சூதாட்டம் மாதிரி கண்ணில் படுவதில்லை.

வெளிநாடுகளில் இதைத் தொட்டிருக்கிறார்கள். பெல்ஜியம் 2018-லேயே சில லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் கென்ஷின் இம்பாக்ட் வெளியீட்டாளர் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூட் பாக்ஸ் விற்கக் கூடாது என்பதும் அந்த உடன்பாட்டில் இருந்தது. சீனா 2021-ல் வேறு வழியில் போனது: சிறுவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் தலா ஒரு மணி நேரம் ஆன்லைன் கேம் ஆடலாம்.

சீனாவின் வழி எனக்கு ஒப்பவில்லை. அது கடிகாரத்தை மட்டும் பார்க்கிறது. ஒரு மணி நேரத்தில் 1,400 ரூபாய் விட முடியாதா என்ன? விடலாம், ஐந்தே நிமிடம் போதும். என் கருத்தில் இங்கே தேவை மூன்றுதான். வைரமோ தங்கமோ, பக்கத்திலேயே ரூபாய் விலை இருக்க வேண்டும். குலுக்கலின் வாய்ப்பு சதவீதம் வாங்கும் பட்டனுக்கு மேலேயே தெரிய வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் கணக்கில் குலுக்கல் விற்பனையே கூடாது.

“ஃப்ரீ கேம் இல்லைன்னா ஏழைப் பையன் எதை ஆடுவான்?”

நியாயமான கேள்வி. 500 ரூபாயை முன்கூட்டியே கொடுத்து கேம் வாங்க எல்லார் வீட்டிலும் முடியாது. கம்ப்யூட்டர், கன்சோல் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் லட்சக்கணக்கான பசங்களுக்கு ஃப்ரீ கேம்தான் ஒரே வாசல். அதில் காசே கட்டாமல் ஆடுகிறவர்கள்தான் பெரும்பான்மை.

ஆனா அப்போ அந்த நிறுவனங்களுக்கு வருமானம் எங்கிருந்து? விளம்பரம் ஒரு பங்கு. மீதி, கட்டுப்படுத்த முடியாமல் செலவழிக்கும் சிலர். கேமிங் தொழிலில் அவர்களுக்கு ‘திமிங்கலம்’ என்றே பெயர். எல்லாரும் இலவசமாக ஆட, யாரோ ஒருவர் வீட்டில் காசு கரைய வேண்டும். அந்த ஒருவர் பணக்காரராகத்தான் இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சித்தி கடையில் துணி தைத்து சம்பாதிக்கிறாங்க. அந்த 1,400 ரூபாய் எத்தனை ஜாக்கெட் என்று அவனுக்கே கணக்குத் தெரியும்.

அதனால் ஃப்ரீ கேமே வேண்டாம் என்று சொல்லவில்லை. விளம்பரம் போடட்டும், சட்டையைக்கூட விற்கட்டும். விலையை நேராகச் சொல்லி விற்கட்டும் என்கிறேன்.

இன்ஸ்டால் பண்ணும் முன் மூணு கேள்வி

இப்போது நானும் தம்பியும் எந்த கேமைத் தொட்டாலும் இதைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒண்ணு: ஒரு வாரம் வரலைன்னா இந்த கேம் எனக்கு என்ன பண்ணும்? எதையாவது பறிக்கும் என்றால் யோசிக்கணும்.

ரெண்டு: நான் வாங்குறது என்னன்னு காசு கட்டுறதுக்கு முன்னாடி தெரியுமா? தெரியாது என்றால் அது குலுக்கல்.

மூணு: இதுக்கு ஒரு முடிவு இருக்கா? ஒரு கதையின் முடிவோ, ஒரு மேட்ச்சின் முடிவோ, போனை கீழே வைக்க ஒரு இடம் வேணும்.

கூடவே இரண்டு செட்டிங்ஸ். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். ‘பட்ஜெட்’ பகுதியில் மாதச் செலவுக்கு ஒரு தொகையையும் போட்டு வைக்கலாம். தொகையைத் தாண்டினால் அது தடுக்காது, எச்சரிக்கும். ஐபோனில் ஸ்கிரீன் டைம் வழியாக கேமுக்குள் வாங்குவதையே நிறுத்திவிடலாம். பெற்றோருக்கு மட்டும் சொல்கிற டிப்ஸ் இல்லை இது. மாதச் சம்பளம் வாங்கி, ராத்திரி 1 மணிக்குச் சோர்வில் ‘வாங்கு’ பட்டனை அமுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும்தான்.

அன்று சாயங்காலம் கிளம்பும் முன் சித்தியிடம் என் கணக்கையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. “படிச்ச நீயே இப்படின்னா, அவனை நான் என்னடி சொல்ல?” என்றாங்க. என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேர் போனிலும் பாஸ்வேர்டு போட்டேன். தம்பி போனுக்கான பாஸ்வேர்டு என்னிடம். என் போனுக்கானது அவனிடம்.